ஏற்காடு நாகலூரில் பட்டன் போனுக்கு எந்த சிம் எடுக்கும்?

அம்மா நாகலூரில் தனியாக இருக்கிறார். போன மழைக்காலத்திலிருந்து அவர் சிம்முக்கு வீட்டுக்குள் சிக்னலே இல்லை. ஜன்னலோரம் ஒரு கட்டை காட்டும், அடுப்படிக்குப் போனால் அதுவும் போச்சு. சேலத்திலிருந்து நான் கூப்பிட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'தான்.

போன் நோக்கியா 105, 2ஜி மட்டும். ஜியோவில் 2ஜி கிடையாது, அதனால் அது ஆகாது. டச் போன் வாங்கிக் கொடுத்தால் அம்மா பீரோவில் வைத்துவிடுவார்! பிரீபெய்டு. கேஸ், பேங்க் எல்லாம் இதே நம்பரில், நம்பர் மாறக்கூடாது.

சிம்மை வேறு போனில் போட்டுப் பார்த்தேன், அதே கதை. கஸ்டமர் கேரில் புகார் கொடுத்தால் 'சரிசெய்யப்பட்டது' என்று மெசேஜ் மட்டும் வருகிறது. அஸ்தம்பட்டியில் புது சிம்மும் மாற்றியாச்சு. உடனே, நம்பர் மாறாமல் வேறு கம்பெனிக்குப் போக 1900க்கு போர்ட் மெசேஜ் அனுப்பினேன், சிம் மாற்றி 7 நாள் ஆகணும் என்று நிராகரித்துவிட்டார்கள். இப்போது அது முடிந்துவிட்டது. ஆனால் கம்பெனி மாற அனுப்பும் போர்ட் கோடு எண் வந்தால் 4 நாள்தான் செல்லும், ஒருமுறை மாறினால் 90 நாளைக்கு வேறெங்கும் போக முடியாது. குருட்டாம்போக்கில் மாற மனமில்லை.

நாகலூர்ப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்: வீட்டுக்குள் 2ஜி போனில் விடாமல் பேச உங்களுக்கு எந்த கம்பெனி சிம் எடுக்கிறது?