பேசாத சாமுராய் யாரு? எங்க ஃபேமிலி குரூப்ல ஞாயிறு சாயங்காலம்

தாத்தா: டிவியில டாம் குரூஸ் நடிச்ச சாமுராய் படம் தமிழ்ல ஓடுது அதுல டாம் குரூஸ் பின்னாடியே ஒரு வயசான ஆள் வாயே திறக்காம வந்துகிட்டு இருக்காரே அவர் யாரு யாருக்காவது தெரியுமா

தம்பி: தாத்தா அது பாப்

தாத்தா: பாப்பாவா

தம்பி: ஐயோ பாப்பா இல்ல, பாப். அவரு பேரையே சொல்ல மாட்டேங்கறார்ல, அதனால ஹீரோவே பாப்னு பேர் வச்சு கூப்பிடுவான்

சித்தி: நாளைக்கு இன்டர்னல் இருக்கு இவனுக்கு. நீங்க ஒரு மெசேஜ் போட்டீங்க மாமா, புக்கை மூடிட்டான்

தாத்தா: நடிச்சவர் பேர் என்ன. அந்த நடையைப் பார்த்தா ஏதோ கூட்டத்துல நிக்க வச்ச ஆள் மாதிரி தெரியல

நான்: அண்ணா ஆன்லைன்ல இருக்கான், அவன்கிட்டயே கேளுங்க தாத்தா. இருக்கறதே ஜப்பான்ல, கியோட்டோல

அண்ணன்: சூப்பர் கேள்வி தாத்தா. அவர் பேர் ஃபுகுமோட்டோ செய்ஸோ. இங்க அவருக்கு இன்னொரு பேர் இருக்கு, ஐம்பதாயிரம் தடவை வெட்டுப்பட்ட மனுஷன்

பெரியம்மா: சாப்டியாடா

அண்ணன்: சாப்ட்டேன்மா

சித்தி: என்னது ஐம்பதாயிரமா

அண்ணன்: ஆமா சித்தி. அவர் வேலையே சாகறதுதான். இங்க சாமுராய் படம், சீரியல்ல எல்லாம் கடைசியில ஹீரோ ஒத்தை ஆளா நின்னு இருபது பேரை வெட்டுவான்ல, அந்த இருபதுல ஒருத்தர். அதுக்குன்னு இங்க தனியா ஒரு பேரே உண்டு, கிராரேயாக்கு, வெட்டுப்படற வேஷம்னு அர்த்தம். 1943ல ஹ்யோகோ பக்கம் கடலோர ஊர்ல பொறந்தவர், 15 வயசுல இங்க கியோட்டோல தோஏய் கம்பெனி ஸ்டுடியோல சேர்ந்தார், 1959ல. அப்ப சேர்ந்தவர் 60 வயசுல ரிட்டயர் ஆகற வரைக்கும் அதே ஸ்டுடியோ அதே வேலை

நான்: இருங்க கணக்கு போடறேன். 1959ல இருந்து 2003, 44 வருஷம். 50,000ஐ வகுத்தா வருஷத்துக்கு 1,136. அப்ப தீபாவளி பொங்கல் லீவு கூட இல்லாம நாளைக்கு மூணு சாவு

தம்பி: அக்கா அவங்களுக்கு தீபாவளி இல்ல

நான்: நீ படி

அண்ணன்: யாரும் உட்கார்ந்து எண்ணலம்மா, அது ஒரு பட்டம் அவ்ளோதான். ஆனா நாளைக்கு மூணுங்கறது நடக்காத விஷயமும் இல்ல. ஒரே ஸ்டுடியோல நாலஞ்சு படம் சீரியல் ஓடிட்டு இருக்கும், காலைல ஒரு செட்ல திருடனா செத்துட்டு, விக்கை மாத்திட்டு மத்தியானம் இன்னொரு செட்ல அடியாளா சாகணும். பெரிய ஹீரோக்களுக்கு தனி ரூம், இவங்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரே பெரிய ரூம். அதனாலயே இந்த மாதிரி நடிகர்களுக்கு ‘பெரிய ரூம்காரங்க’ன்னே பேர், இங்கத்த வார்த்தை ஓபேயா

பெரியம்மா: அங்க குளிர் எப்டி இருக்கு, ஹீட்டர் சரி பண்ணிட்டாங்களா

அண்ணன்: பண்ணிட்டாங்கம்மா

தாத்தா: சாகறதுல என்னப்பா இருக்கு. விழ வேண்டியதுதானே

அண்ணன்: இதைத்தான் நானும் எங்க ஹவுஸ் ஓனர் பாட்டிகிட்ட கேட்டேன் தாத்தா, வாங்கி கட்டிகிட்டேன். அவங்க பழைய மீட்டோ கோமோன் ரிப்பீட் பார்ப்பாங்க. அது 1969ல இருந்து 2011 வரைக்கும் ஓடின சீரியல், ஒரு வயசான பிரபு யாருன்னு சொல்லாம ஊர் ஊரா சுத்துவார், வாரா வாரம் ஒரு ஊர்ல ஒரு அநியாயம், கடைசியில அடிதடி, அப்புறம் முத்திரை போட்ட சின்ன டப்பாவை எடுத்து காமிச்சதும் எல்லாரும் மண்டி போட்டுடுவாங்க. கதை பூரா இதுதான். அந்த அடிதடி வரும்போது பாட்டி கிட்ட போய் ஸ்க்ரீனை தொட்டு காமிப்பாங்க, இதோ இவருதான், இப்ப பாரு எப்படி விழறார்னு. ஹீரோவை பார்க்கவே மாட்டாங்க

சித்தி: நம்ம அத்தை மாதிரி. அவங்களும் வில்லியோட புடவையைத்தான் பார்ப்பாங்க

அண்ணன்: ஹாஹா. விஷயம் என்னன்னா வெட்டு வாங்கினதும் சாதாரணமா எல்லாரும் முன்னாடி சுருண்டு விழுவாங்க, அப்ப மூஞ்சி தரையைப் பார்க்கும், யாருன்னே தெரியாது. இவர் பின்பக்கமா வளைவார். முழங்கால் மடங்கி முதுகு வில்லு மாதிரி வளைஞ்சு தலை தலைகீழா தொங்கி ஒரு செகண்ட் அப்படியே நின்னு அப்புறம்தான் விழுவார். இறால் வளையற மாதிரின்னு எபிஸோரின்னு சொல்லுவாங்க, எபின்னா இறால். அப்படி வளைஞ்சா மூஞ்சி கேமராவுக்கு தெரியும்ல. பேரே போடாத வேஷத்துல மூஞ்சியை காட்ட அவர் பிடிச்ச வழி

தாத்தா: ஓஹோ கெட்டிக்காரன்

அண்ணன்: அதுக்காக ஹீரோவை மறைச்சு ஷோ காட்டறதும் கிடையாது தாத்தா. கத்தி மூங்கில்லயோ அலுமினிய கலவையிலயோ பண்ணினதுதான், ஆனாலும் வேகமா சுத்தும்போது மூஞ்சில பட்டா போச்சு. ஹீரோவுக்கு கத்தி சுத்த வருதோ வரலையோ, வெட்டுப்படறவன்தான் தூரம் பார்த்து நேரம் பார்த்து போய் அந்த வெட்டுல மாட்டணும். அரை செகண்ட் முன்னாடி விழுந்தா காமெடி, லேட்டா விழுந்தா ஹீரோ கத்தி மொக்கைன்னு ஆயிடும். மொத்தத்துல வீரம் ஹீரோவுக்கு, உழைப்பு இவருக்கு

நான்: அப்ப அந்த 70ஸ்ல யாகுசா படம், அதான் ஜப்பான் ரவுடி கும்பல் படம் எல்லாம் வந்துச்சே, சாமுராய் படம் கம்மியாச்சுன்னு சொல்வாங்களே, அப்ப என்ன பண்ணினார்

அண்ணன்: அதுலயும் செத்தார். கத்திக்கு பதிலா துப்பாக்கி

தம்பி: 😂😂 லெஜண்ட்

சித்தி: எல்லாரும் கவனிங்க, உங்க லெஜண்ட் இங்க கட்டில்ல மெத்தை மேல நின்னுகிட்டு இறால் மாதிரி வளையறேன்னு வளைஞ்சு இடுப்பை பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கு. இருபது வயசு

தம்பி: பாதி வரைக்கும் கரெக்டா போச்சு

பெரியம்மா: தைலம் தேச்சு வெந்நீர் ஒத்தடம் குடுடி, நாளைக்கு பரீட்சை வேற

நான்: பாப் அறுபது வயசுல வளைஞ்சார்டா

அண்ணன்: அறுபது இல்ல, எழுபது தாண்டியும் வளைஞ்சார். அதுதான் இன்னும் பெரிய கதை. தாத்தா பாக்குற படம், தி லாஸ்ட் சாமுராய், 2003ல வந்தது, அந்த வருஷம்தான் அவருக்கு 60 வயசாகி ஸ்டுடியோல ரிட்டயர்மென்ட். நம்ம ஆளுங்களா இருந்தா சால்வை போத்திகிட்டு வீட்டுக்கு போயிருப்போம், இவருக்கு ஹாலிவுட்ல வேஷம், அதுவும் டயலாக் கிடையாது. ஆனா உலகம் பூரா அந்த பேசாத மூஞ்சியைத்தான் ஞாபகம் வச்சிருக்கு, இதோ தாத்தாவே கேட்டுட்டார் பாருங்க. அதுக்கப்புறமும் நடிக்கறதை விடல. 2014ல உஸுமசா லைம்லைட்னு ஒரு படம், அதுல அவர்தான் ஹீரோ. 71 வயசு, நடிக்க வந்து 55 வருஷம், முதல் ஹீரோ வேஷம்

சித்தி: என்ன வேஷம்

அண்ணன்: வெட்டுப்படற நடிகர் வேஷம்தான் சித்தி

சித்தி: அங்கயும் விடலையா பாவம்

அண்ணன்: ரொம்ப வருஷமா ஓடின சாமுராய் சீரியலை நிறுத்திடறாங்க, வயசான துணை நடிகர் ஒருத்தருக்கு வேலை இல்லாம போகுது, ஒரு சின்ன பொண்ணு வந்து கத்தி சொல்லிக்குடுங்கன்னு கேக்குது. நிஜத்துலயும் மீட்டோ கோமோன் நின்னப்ப இங்க இருந்த ஸ்டுடியோ ஆளுங்களுக்கு இதே நிலைமைதான், அதனால நடிக்கறாரா நடந்ததை சொல்றாரான்னே தெரியாது. ஹீரோ வேஷம்னாலும் அந்த ஆளுக்கு பேச வரல பாருங்க, பாதி படம் தலையைக் குனிஞ்சுகிட்டே இருப்பார். கனடாவுல மான்ட்ரியல் ஃபேன்டேஷியா ஃபெஸ்டிவல்ல பெஸ்ட் ஆக்டர் அவார்டு குடுத்தாங்க

தாத்தா: லைம்லைட் சாப்ளின் படம் ஆச்சே

அண்ணன்: கரெக்ட் தாத்தா! அதுல இருந்து எடுத்த பேர்தான், கதை எழுதினவரே சாப்ளின் ஆராய்ச்சி பண்றவர். ஃபுகுமோட்டோவும் சாப்ளின் விழறதைப் பார்த்துதான் விழறதுல இவ்ளோ விஷயம் இருக்கான்னு யோசிச்சவர்

பெரியம்மா: நீ அந்த ஊருக்கு போயிருக்கியா, உஸுமசா

அண்ணன்: அம்மா நான் இருக்கறதே அங்கதான்மா, ரெண்டு வருஷமா கொரியர் அனுப்பறீங்களே அட்ரஸை படிக்க மாட்டீங்களா

பெரியம்மா: அதை அப்பாதான் எழுதுவாரு

அண்ணன்: சரி. ஒரு காலத்துல வரிசையா ஸ்டுடியோ இருந்த ஏரியா, ஜப்பான் ஹாலிவுட்னே பேர். இப்பவும் குட்டி டிராம் ஓடுது, ஒரு சூப்பர்மார்க்கெட் வாசல்ல பழைய படத்துல வர்ற பூதத்தோட சிலை பெருசா நிக்குது, நான் டெய்லி அதைத் தாண்டிதான் பால் வாங்க போறேன். தோஏய் ஸ்டுடியோ பக்கத்துலயே 1975ல இருந்து செட் எல்லாம் சுத்திப் பாக்க விடறாங்க. நீங்க வந்தா கூட்டிட்டு போறேன்

தாத்தா: அவரைப் பார்க்க முடியுமா

அண்ணன்: இல்ல தாத்தா. 2021 ஜனவரி ஒண்ணாம் தேதி இறந்துட்டார். லங் கேன்சர். 77 வயசு

தாத்தா: என்னை விட சின்னவன்

நான்: தாத்தா?

சித்தி: மாமா இருக்கீங்களா

பெரியம்மா: மாத்திரை போட்டீங்களா மாமா, ஏழு மணி ஆச்சு

தாத்தா: போட்டாச்சு. இருங்க எல்லாரும் பேசாம இருங்க படம் முக்கியமான இடம்

தம்பி: தாத்தா இப்ப பாருங்க பாப் கடைசில ஒரே ஒரு தடவை

சித்தி: டேய் சொல்லாதடா

இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

தம்பி: சாரி

தாத்தா: பேசிட்டார்

தாத்தா: ஒரே வார்த்தை அந்த டாம் குரூஸ் பேரைத்தான் கத்தினார் அடுத்த நிமிஷம் குண்டுல போயிட்டார். முன்னாடி விழுந்தாரா பின்னாடி வளைஞ்சாரான்னு சரியா பார்க்கறதுக்குள்ள கண்ணாடியில மூச்சு பட்டு மங்கிடுச்சு. மறுபடி எப்ப போடுவான்

நான்: அடுத்த ஞாயிறும் போடுவாங்க தாத்தா, மாசத்துக்கு ரெண்டு தடவை போடறாங்க

தாத்தா: அப்ப கண்ணாடியைத் துடைச்சுட்டு உட்காரணும்