எடை 63 தான், மெஷின் கொழுப்பு 31 சதவீதம் என்கிறது. நம்பலாமா?

நெல்லித்தோப்பு டெய்லர்:

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரி நெல்லித்தோப்பில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 49, உயரம் 165 செ.மீ., எடை 63 கிலோ. பார்க்கிறவர்கள் ஒல்லி என்றுதான் சொல்வார்கள். வீட்டம்மா தொல்லை தாங்காமல் காலையில் கடற்கரை சாலையில் நடக்கப் போகிறேன். அங்கே ஓரமாக ஒரு மேசை போட்டு "இலவச உடல் பரிசோதனை" என்று பேனர் கட்டியிருந்தார்கள். இலவசம்தானே என்று ஏறினேன். காலுக்குத் தகடு, கைக்கு ஒரு பிடி. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்: கொழுப்பு 31 சதவீதம், உள்ளுறுப்புக் கொழுப்பு 13, உடல் வயது 62. அறுபத்திரண்டு என் பெரிய அண்ணன் வயது!

நாற்பதுக்கு மேல் மெட்டபாலிசம் (உடம்பு சக்தியைச் செலவழிக்கிற வேகம்) படுத்துவிடும், அதனால் காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதில் எங்கள் பவுடரைக் குடியுங்கள் என்றார்கள். மாதக் கணக்கு போட்டால் கடை வாடகைக்குப் பக்கத்தில் வருகிறது.

அதே வாரம் கடலூரில் மச்சான் வீட்டுக்குப் போனேன். திருப்பாதிரிப்புலியூரில் அவன் போகிற ஜிம்மில் ஒரு கண்ணாடித் தராசு. காலை மட்டும் வைத்து ஏறினால் போதும். அது 23 என்றது. ஒரே ஆள், ஒரே வாரம், எட்டு சதவீதம் எங்கே போச்சு? நான் சட்டையில் எட்டு இன்ச் வித்தியாசமாக வெட்டினால் கஸ்டமர் சும்மா விடுவாரா?

எதை நம்புவது, பவுடர் தேவையா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துறைமுகத்தான், கடலூர் ஓ.டி.:

டெய்லர் அண்ணே, அந்த மாதிரி மெஷின் சிலதில் "அத்லெட்" (விளையாட்டு வீரர்) என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கிவிட்டு ஏறிப் பாருங்கள், நின்ற நிலையிலேயே கொழுப்பு குறையும். பவுடர் காசு மிச்சம்.

ராஜி, மஞ்சக்குப்பம்:

துறைமுகத்தான் கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். நான் பல வருஷம் ஊட்டச்சத்து ஆய்வுகளில் களப்பணி பார்த்தவள். வீடு வீடாகப் போய் எடை, சுற்றளவு, தோல்மடிப்பு எடுப்பது என் வேலை.

அந்த மெஷின் கொழுப்பை அளப்பதே இல்லை. அளப்பது மின்தடை ஒன்றைத்தான். நமக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன மின்சாரத்தை உடம்பில் விடும். தண்ணீரும் உப்பும் நிறைந்த தசையில் அது சுலபமாகப் போகும், கொழுப்பில் திணறும். அதை வைத்து உடம்பில் தண்ணீர் இவ்வளவு என்று ஒரு கணக்கு. கொழுப்பு நீங்கலான உடம்பில் சுமார் 73 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு அடுத்த கணக்கு. மிச்சம் நிற்பதைக் கொழுப்பு என்று எழுதுகிறது. நடுவில் நீங்கள் தட்டிய வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதெல்லாம் சூத்திரத்துக்குள் போய்விடும். கம்பெனிக்குக் கம்பெனி சூத்திரம் வேறு.

உங்கள் எட்டு சதவீதத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கால் மட்டும் வைக்கிற தராசில் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். வயிற்றுப் பக்கம் அது சரியாக எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. கையும் காலும் சேர்ந்ததில் உடம்பின் நடுப்பகுதி வழியாகவும் போகும். நடந்து முடித்த கையோடு ஏறியிருக்கிறீர்கள்; உடம்புச் சூடு ஒரு பக்கம் இழுக்கும், வியர்வையில் போன தண்ணீர் இன்னொரு பக்கம் இழுக்கும். ஏறுவதற்கு முன் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தால் அந்த எடையும் கொழுப்புக் கணக்கில்தான் போய் விழும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறவே கூடாது, மேசை போட்டவர்கள் அதைக் கேட்டார்களா என்று பாருங்கள்.

தோல்மடிப்பை அளக்கிற எங்கள் காலிப்பர் மட்டும் உசத்தி என்று சொல்ல மாட்டேன். மேல்கையின் முன்பக்கம், பின்பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழ், இடுப்பெலும்புக்கு மேல் என்று நான்கு இடத்தில் தோலைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். தோள்பட்டைக்குக் கீழே பிடித்தால் பாட்டிமார் கூச்சத்தில் நெளிவார்கள், முள் ஓரிடத்தில் நிற்காது. அந்த நான்கையும் கூட்டிக் கொழுப்பாக மாற்றுகிற கணக்கு 1974-ல் டர்னினும் வொமர்ஸ்லியும் போட்டது, கிளாஸ்கோ ஊர்க்காரர்கள் 481 பேரை அளந்து. தேவனாம்பட்டினத்துப் பாட்டிக்கு கிளாஸ்கோ கணக்கு! ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே வைத்து அளக்கிற டெக்ஸா இதைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் உயிரோடு இருக்கிறவரிடம் கொழுப்பை நேராக எடை போட வழியே இல்லை. அப்படிப் போட்டுப் பார்த்த பிரஸ்ஸல்ஸ் ஆய்வு 1984-ல் வெளியானது, 25 சடலங்களை அறுத்துத்தான் பார்த்தார்கள்.

"உடல் வயது" என்பது சூத்திரத்தின் மேல் இன்னொரு சூத்திரம். அதை விட்டுத்தள்ளுங்கள். நாற்பதில் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்பதும் தப்பு. 2021-ல் சயன்ஸ் இதழில் பான்ட்சர் குழு 6,400-க்கும் மேற்பட்டவர்களின் சக்திச் செலவை வைத்து எழுதியது: உடம்பின் அளவுக்குச் சரிசெய்து பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை பெரிய மாற்றமே இல்லை, அதற்கப்புறம்தான் இறக்கம்.

அதற்காக "நான் ஒல்லி" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 22.3 தான். கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. உங்கள் பி.எம்.ஐ. 23 வருகிறது, நம் ஊர் கணக்கில் அதுவே எல்லைக்கோடு. கையில் டேப் இருக்கிறதே, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, எக்காமல் அளந்து சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை வாக்கர்:

எல்லாவற்றையும் ஏமாற்று என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அதே மாதிரி பவுடர் குடித்து எடை நன்றாகவே குறைந்தது, சுகரும் இறங்கியது. குழுவாகச் சேர்ந்து தினமும் நடக்க வைத்தார்கள், அதுவே பெரிய விஷயம்.

ராஜி, மஞ்சக்குப்பம்:

சார், குறைந்தது உண்மைதான், மறுக்கவில்லை. இரவு நான்கு பரோட்டா இருந்த இடத்தில் ஒரு டம்ளர் பவுடர் வந்தால் யாருக்கும் எடை குறையும். நிறுத்திய பிறகு என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி. நடக்க வைத்தது நல்ல காரியம், அதற்கு அவர்களைப் பாராட்டலாம்.

நெல்லித்தோப்பு டெய்லர்:

ராஜி மேடம், ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன இடத்தில் பையனை விட்டு அளக்கச் சொன்னேன். 37 இன்ச். என் பேண்ட் இடுப்பு 32. இது எங்கள் தொழிலில் தினம் பார்க்கிற கூத்துதான். எல்லோரும் பேண்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள். "முப்பத்தி நாலுதான், இருபது வருஷமா அதே அளவு" என்று பெருமையாகச் சொல்வார்கள். டேப்பை நாலு விரல் மேலே ஏற்றினால் நாற்பது இருக்கும். சட்டை தைக்கும்போது உண்மை வெளியே வந்துவிடும், வயிற்றளவு எடுக்காமல் பொத்தான் போட முடியாதே.

நீங்கள் தசை என்று எழுதியதைப் படித்ததும் பழைய அளவு நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். வழக்கமான கஸ்டமர்கள் சிலருக்குத் தொடர்ச்சியாக எழுதி வைத்திருக்கிறேன். வயிறு ஏறுகிறது, அது தெரிந்ததுதான். ஆனால் தொடை இறங்குகிறது! ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கு வயிறு மூன்று இன்ச் கூடி, தொடை ஒன்றரை இன்ச் குறைந்திருக்கிறது. சீட்டும் சப்பை. பின் தையலைப் பிரித்து லூஸ் பண்ணுகிறேன், அதே பேண்ட்டில் தொடையை டைட் பண்ணுகிறேன். "எடை மாறவே இல்லை டெய்லர்" என்பார்கள். இது நீங்கள் சொல்கிற விஷயம்தானா, இல்லை நானாக முடிச்சுப் போடுகிறேனா?

துறைமுகத்தான், கடலூர் ஓ.டி.:

அண்ணே, உங்க தொடை எப்படி? மிதி மெஷினா, மோட்டாரா?

நெல்லித்தோப்பு டெய்லர்:

மோட்டார் போட்டு ரொம்ப நாளாச்சு தம்பி. இப்போது கால் நுனியை வைத்தால் போதும். என் தொடை அளவை நான் எழுதி வைக்கவில்லை, டெய்லருக்கு யார் அளவெடுப்பது!

ராஜி, மஞ்சக்குப்பம்:

முடிச்சு சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறீர்கள். எடை அப்படியே இருக்க, தசை போய் அந்த இடத்தில் கொழுப்பு உட்காருவது வயதானவர்களிடம் சகஜம். உங்கள் நோட்டு மாதிரி ஒன்றை வைத்தே ஒரு பிரபல ஆய்வு நடந்திருக்கிறது. 1953-ல் லண்டனில் ஜெரமி மோரிஸ் பஸ் ஊழியர்களைப் பார்த்தார். இரட்டை மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படியேறி இறங்கும் கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். உடற்பயிற்சி ஆராய்ச்சிக்கே அது ஆரம்பம் மாதிரி. ஆனால் அவரே 1956-ல் சீருடை அளவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். இளம் வயது டிரைவர்களுக்கே இடுப்பு பெரிதாக இருந்தது. அப்படியானால் உட்கார்ந்ததால் பெருத்தார்களா, பெருத்தவர்கள் டிரைவர் வேலைக்கு வந்தார்களா? தன் முடிவைத் தானே சந்தேகப்பட்ட அந்த மனுஷர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இனி உங்களுக்கு. 37 இன்ச் என்றால் 94 செ.மீ. இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பது எல்லை. தாண்டிவிட்டீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) "இந்தியாப்" என்ற சர்க்கரை நோய் ஆய்வு 2023-ல் வந்தது, அதில் புதுச்சேரியில் சர்க்கரை நோய் 26.3 சதவீதம், கோவாவுக்கு அடுத்த இடம். அதனால் பவுடருக்கு முன்னால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்.பி.ஏ.ஒன்.சி. (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம்.

நடை நல்லது, விடாதீர்கள். ஆனால் நடையால் மட்டும் தொடை திரும்பாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வாரம் குறைந்தது 150 நிமிட வேக நடை மாதிரி உழைப்போடு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொன்னது. ஜிம் வேண்டாம். கடை ஸ்டூலில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், பத்துப் பத்தாக. முட்டி வலித்தால் உயரமான ஸ்டூல்.

புரதம் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது ஐ.சி.எம்.ஆர். உங்களுக்கு 52 கிராம் போல. சாம்பார் ஊற்றிக்கொண்டால் பருப்பு சாப்பிட்டதாகாது, ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கும் என்று வீட்டம்மாவைக் கேளுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம், நூறு கிராம் மீனில் 20-க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. மத்தி கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு வாடகைக் காசுக்குப் பவுடர் வாங்குவதை என் மனசு ஒப்பவில்லை. சோற்றில் ஒரு பிடி குறைத்து அந்த இடத்தில் சுண்டலோ மீனோ வையுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

நெல்லித்தோப்பு டெய்லர்:

சரி மேடம். திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கிறேன். மச்சான் ஜிம் தராசில் மறுபடி ஏறலாமா, வேண்டாமா?

ராஜி, மஞ்சக்குப்பம்:

ஏறலாம். அதே தராசு, காலையில் வெறும் வயிறு, சிறுநீர் கழித்த பிறகு, நடைக்கு முன்னால். மாதம் ஒரு தடவை போதும். எண்ணைப் பார்க்காதீர்கள், ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். கூடவே டேப் அளவையும் தொடை அளவையும் நோட்டில் உங்கள் பேரில் ஒரு பக்கம் போட்டு எழுதிவிடுங்கள்.