யானைக் காட்டைக் காக்க தாய்லாந்து போவதா, பெகு மலையிலேயே நிற்பதா?

மோல்மீன் மல்லி:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவிக்கிறேன். எனக்கு வயது 31, பர்மாவில் (மியன்மார்) மோல்மீன் ஊரில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறேன். யானைகள் வாழும் காட்டில் சம்பளம் வாங்காமல் கொஞ்ச காலமாவது வேலை செய்யவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

தாய்லாந்தில் இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று சியாங் மாய் பக்கம். நான்கு வாரம், நாம்தான் பணம் கட்டவேண்டும். டிசம்பரில் போனால் மரம் நடலாம், யானைக்குத் தீனி கொடுக்கலாம், ஆற்றில் குளிப்பாட்டலாம் என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்று குய் புரி தேசியப் பூங்காவை ஒட்டிய ஓர் அன்னாசித் தோட்டக் கிராமம். அங்கே தொட்டுப் பார்க்க யானை கிடையாது. காட்டு யானை வந்துபோன தடத்தைக் குறித்து வைப்பது, குட்டை தூர் வாருவது, இரவுக் காவலுக்குத் துணை போவது, இவ்வளவுதான் வேலை. சாப்பாடும் படுக்க இடமும் தருவார்கள்.

ஆசை எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2016ல் சைத்தியோ மலைப் புத்தர் கோயிலுக்குப் போயிருந்தோம். வழியில் மருந்துச் சாமான் விற்கும் ஒரு கடையில், தட்டில் கறுப்பாகச் சதுரம் சதுரமாக ஏதோ அடுக்கியிருந்தது. அடிப்பிடித்த சோற்றுக் காந்தல் என்று நினைத்துக் கையில் எடுத்தேன். முள்ளு முள்ளாக முடி குத்தியது. யானைத் தோல். தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவினால் சொறி போகும் என்றார் கடைக்காரர். அன்று மலைமேல் போய்க் கும்பிட்டபோதும் அந்த முடி குத்தியதுதான் விரலில் நின்றது.

போகலாமா? எங்கே?

பெகு பெரியவர்:
மகளே, மனசில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்காதே. போகாதே. இரண்டு இடத்துக்கும் வேண்டாம்.

உலகத்திலேயே அதிகமாக வளர்ப்பு யானை இருக்கிற நாடு நம் நாடு. ஐயாயிரம் வரை இருக்கும். காட்டு யானையோ இரண்டாயிரத்துக்கும் கீழே. நீ தட்டில் பார்த்த தோல் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? பெகு மலையிலும் ஐராவதி டெல்டாப் பக்கமும் ஆராய்ச்சிக்காக 19 யானைகளுக்கு, இருக்கும் இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டினார்கள். மாட்டி ஒரு வருஷம் ஆவதற்குள் ஒவ்வொன்றாக ஏழு யானையை வேட்டைக்காரர்கள் கொன்றுவிட்டார்கள். 2018ல் அந்த ஆய்வு வெளிவந்தது. விஷ அம்பு எய்வார்கள். யானை உடனே சாகாது, மணிக்கணக்கில் அலைந்துதான் விழும்.

நம் வீட்டில் எழவு விழுந்து கிடக்கும்போது பக்கத்து ஊர் எழவுக்குப் போவதா?

38வது தெரு:
பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தப் பேச்சு நடைமுறைக்கு ஆகாது. 2021ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பெகு மலைக்குள் மோல்மீன் பெண் ஒருத்தி தனியாகப் போய்ச் சேவை செய்வதற்கு எந்த வழி இருக்கிறது? யாரிடம் கேட்பது, யார் பொறுப்பேற்பது? வழியே இல்லாத இடத்தைக் காட்டி, வழி இருக்கிற இடத்துக்கும் போகாதே என்றால், கடைசியில் அந்தப் பெண் எங்கேயும் போகமாட்டாள்.

தாய்லாந்திடம் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. 1988 நவம்பரில் அங்கே தெற்கில் பெரிய வெள்ளம். மொட்டையடித்த மலைகளிலிருந்து மண்ணும் கட்டையும் சேர்ந்து ஊர்கள்மேல் இறங்கின. 1989 ஜனவரியில் மரம் வெட்டுவதையே தடை செய்தார்கள். கட்டை இழுத்த யானைகளுக்கு வேலை போனது. பாகன்கள் பாங்காக் தெருவில் யானையை வைத்துப் பிச்சை எடுத்தார்கள், அப்புறம் சுற்றுலா முகாம்கள் வந்தன. நம் நாட்டில் 2014 ஏப்ரல் 1ஆம் தேதி உருட்டுமர ஏற்றுமதிக்குத் தடை. 2016ல் நாடு முழுக்க ஒரு வருஷம் வெட்டுக்கு நிறுத்தம், பெகு மலைக்கு மட்டும் பத்து வருஷம். நம் யானைகளும் அதே பாதையில்தான் நிற்கின்றன. 25 வருஷம் முன்னால் போனவர்களைப் பார்த்து வருவதில் என்ன தப்பு?

மல்லி, போய் வாருங்கள்.

டாலா தம்பி:
நான் போய் வந்தவன். அதனால் சொல்கிறேன் அக்கா, சியாங் மாய் விளம்பரத்தை முதலில் கிழித்துப் போடுங்கள்.

நான் போன இடத்தின் பெயர் வேண்டாம். அதுவும் டிசம்பர்தான். மூன்று வாரத்தில் எங்கள் குழு முந்நூறு கன்று நட்டது. நாற்றுப் பையை பிளேடால் கிழித்து, வேர் உடையாமல் குழியில் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். கை கொப்பளித்தது, மனசு நிறைந்திருந்தது. ஏப்ரலில் அங்கே சமையல் செய்த அக்கா போட்டோ அனுப்பினார். வரிசையாகக் குச்சி கட்டியிருந்தது, குச்சிக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

நம் சீமையில் யாராவது டிசம்பரில் கன்று நடுவார்களா? மழை அக்டோபரோடு முடிகிறது. அடுத்த மழைக்கு மே கடைசி ஆகிவிடும். ஆறு மாத வெயிலை ஒரு வாளி தண்ணீர் தாங்குமா? பணம் கட்டி வருகிறவர்களுக்கு லீவு டிசம்பரில் கிடைக்கிறது, அதனால் டிசம்பரில் நடுகிறார்கள். காட்டின் நாள்காட்டியை அங்கே யாரும் கேட்கவில்லை.

குளிப்பாட்டுவதும் வேண்டாம் அக்கா. 2025 ஜனவரியில் தாய்லாந்துத் தீவு ஒன்றில் 22 வயது ஸ்பெயின் நாட்டுப் பெண் யானையைக் குளிப்பாட்டும்போது குத்துப்பட்டு இறந்தாள். யானை தானே குளிக்கும். நாள் முழுக்க யார் யாரோ வந்து தேய்த்தால் அதற்கு எப்படி இருக்கும்? அந்த முகாமால் ஓர் ஏக்கர் காடாவது கூடியதா என்று கேளுங்கள்.

மோல்மீன் மல்லி:
தம்பி, படித்துவிட்டு அழுகையே வந்துவிட்டது. டிசம்பர் என்று போட்டிருந்ததை நானும் பார்த்தேன். தோட்டக்காரர் பேத்தி நான், எனக்கே தோன்றவில்லை.

ஆனால் குய் புரியும் அப்படித்தானா?

தட்டோன் டீச்சர்:
இல்லை. அதையும் இதையும் ஒரே தராசில் போடக்கூடாது.

குய் புரி பிரச்சுவாப் கிரி கான் மாகாணத்தில் இருக்கிறது. மலைமுகட்டைத் தாண்டினால் நம் நாட்டுத் தனிந்தாரிப் பகுதி. யானைக்கு எல்லைக்கோடு தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே காடு. அங்கே காட்டை அழித்து அன்னாசி போட்டார்கள். யானை தோட்டத்துக்கு வந்தது, விஷம் வைத்துக் கொன்றார்கள். அப்புறம் மன்னர் பூமிபோல் ஆதரவில் ஒரு திட்டம் வந்தது. யானைக்கு வேண்டிய தீனியையும் தண்ணீரையும் காட்டுக்குள்ளேயே உண்டாக்குவதுதான் அதன் அடிப்படை. ஆக்கிரமித்த அன்னாசி நிலத்தை மீட்டுப் புல்வெளியாக்கினார்கள், குட்டை வெட்டினார்கள். இப்போது அந்தக் காட்டில் 200க்கு மேல் யானைகள். ஒரு காலத்தில் யானையை விரட்டிய கிராமத்தார் இன்று பிக்கப் வண்டியில் வெளியூர்க்காரர்களை ஏற்றிப் போய், தூரத்திலிருந்து யானையைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். ஆனாலும் தோட்டத்துக்கு யானை வருவது நிற்கவில்லை. தினமும் 150 கிலோ தின்கிற பிராணிக்கு அன்னாசி இனிப்பாகக் கிடைத்தால் விடுமா?

மல்லி, அந்தத் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறவர்கள் யார்? நிறையப் பேர் நம் நாட்டுப் பிள்ளைகள். பர்மியரும் கரேனும் மோனும். தாய் மொழியில் வரும் எச்சரிக்கை அவர்களில் எத்தனை பேருக்குப் புரியும்? விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு பழம் அறுக்கப் போகிற பையனிடம், "அந்த ஓடைப் பக்கம் போகாதே, ரெண்டு யானை நிற்குது" என்று அவன் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். உனக்குப் பர்மியும் தெரியும், மோனும் கொஞ்சம் வரும். ஐரோப்பாவிலிருந்து வருகிறவருக்கு முடியாத வேலை இது.

தமிழ்நாட்டில் வால்பாறையைப் பார். சுற்றிலும் தேயிலை, நடுவில் துண்டு துண்டாகக் காடு, யானைகள் குறுக்கே நடக்கின்றன. ஆனந்த குமார் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் என்ன செய்தார்கள்? வேலி போடவில்லை. யானை எங்கே நிற்கிறது என்று தொழிலாளிகளுக்கு மாலையில் கைப்பேசிச் செய்தி, முக்கில் சிவப்பு விளக்கு. அதற்காக 2015ல் அவருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. பஸ்ஸிலிருந்து இருட்டில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் பெண் அந்த விளக்கைப் பார்த்து நின்றுவிட்டால் உயிர் போகாது. உயிர் போகாத ஊரில் யானைக்கு விஷம் வைக்கும் கையும் குறையும். காட்டைக் காப்பது என்றால் எனக்கு இதுதான் முதல் வேலை, மரம் நடுவது அப்புறம்.

பெகு பெரியவர்:
டீச்சரம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு மாதத்தில் என்ன ஆகும்? முதல் வாரம் வழி தெரியாது, இரண்டாம் வாரம் காய்ச்சல், மூன்றாம் வாரம் நாலு பேர் முகம் பழகும், நாலாம் வாரம் பெட்டி கட்டுவாள். வந்துபோகிறவளுக்கு அது ஓர் அனுபவம். அந்த ஊர்க்காரனுக்கு வருஷம் முழுக்க ராத்திரிக் காவல்.

காட்டைத் தெரிந்துகொள்வது என்றால் என்ன என்று சொல்கிறேன். என் அப்பா பெகு மலையில் ஒரு தேக்கு முகாமில் சமையல்காரர். பள்ளி லீவுக்கு நானும் போவேன். யானைக்கு மத்தியானம் வரைதான் வேலை. வெயில் காலத்தில் அதுவும் கிடையாது, ஓய்வு. சாயங்காலம் முன்கால் இரண்டையும் தளர்வாகக் கட்டிக் காட்டில் மேய விட்டுவிடுவார்கள். கழுத்தில் கட்டை மணி தொங்கும். ஊஸி, அதாவது பாகன், தன் யானை மணியைத் தானே செதுக்குவார். அதனால் ஒரு மணி மாதிரி இன்னொன்று கேட்காது. விடிகாலை இருட்டில் அப்பா அடுப்பு மூட்டும்போது ஊஸிகள் குத்த வைத்து உட்கார்ந்து காது கொடுப்பார்கள். எனக்கு ஒரே டொக் டொக் என்று கேட்கும். ஒருத்தர் எழுந்து, "என்னுது மூங்கில் சரிவில் நிற்குது" என்று கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அந்தக் காது ஒரு மாதத்தில் வராது மகளே.

இன்னொன்று. அந்தப் பெண் யானைகள் ராத்திரி காட்டில் காட்டுக் கொம்பனோடு சேர்ந்துதான் குட்டி போடும். முகாம் யானை, காட்டு யானை என்று நாம் பிரிக்கிறோம், ரத்தம் ஒன்றுதான். அதை விட்டுவிட்டு எங்கே போவது?

டாலா தம்பி:
ஐயா, அந்த மணி விஷயத்தை என் மகனுக்குப் படித்துக் காட்டினேன். ஆனால் ஒன்று கேட்கவேண்டும். அந்த முகாம் எதற்காக இருந்தது? தேக்கை வெட்டி இழுக்கத்தானே? யானையை இவ்வளவு அறிந்த ஆட்களை வைத்தே யானையின் காட்டை வெட்டினோம். மோல்மீன் மரக்கிடங்கில் யானை கட்டை அடுக்கியதை நம் தாத்தாக்கள் பெருமையாகச் சொல்வார்கள். அரிசி ஆலையும் மரக்கிடங்கும்தான் நமக்குச் சோறு போட்டன. இந்த மண்ணிலேயே இருந்ததால் மட்டும் காடு பிழைக்கவில்லையே.

பெகு பெரியவர்:
உண்மைதான் தம்பி. இதை நினைத்து நான் தூங்காத ராத்திரி உண்டு. அப்பா முகாமுக்குப் போகும் வழியில் இருபக்கமும் வானம் தெரியாது. கடைசியாக அந்தப் பக்கம் போனபோது சாலையிலிருந்தே மலை முதுகு தெரிந்தது. அன்று நாங்கள் தின்ற சோற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் சொல்லமுடியாது.

ஆனாலும் ஒரு மாதம் போதாது என்றுதான் இப்போதும் சொல்வேன்.

38வது தெரு:
மல்லி, வேலை அனுமதி விஷயம் மறக்கவேண்டாம். தாய்லாந்தில் சம்பளம் இல்லாத வேலைக்கும் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். அதை யார் எடுத்துத் தருவது என்று எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் கிளம்பவேண்டும். சுற்றுலா விசாவில் போய்ச் சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மோல்மீன் மல்லி:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் வேலையில் கவனமே இல்லை, கணக்கில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டு முதலாளியிடம் திட்டும் வாங்கினேன்.

சியாங் மாய்க்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். குய் புரிக்காரர்களிடம் மூன்று கேள்வி கேட்டேன். ஒரு மாதத்துக்குப் பதிலாக ஜூனில் வந்து மூன்று மாதம் இருக்கலாமா? அனுமதிச் சீட்டு யார் பொறுப்பு? தோட்டத்தில் நம் நாட்டு ஆட்களுக்குச் சேதி சொல்ல இப்போது யார் இருக்கிறார்கள்?

மூன்று மாதத்துக்குச் சரி என்றார்கள், சீட்டும் அவர்களே எடுப்பார்களாம். மூன்றாவது கேள்விக்கு வந்த பதில், "யாரும் இல்லை."

பெரியவர் ஐயா, நீங்கள் இன்னும் சம்மதிக்கவில்லை என்று தெரியும். போவதற்கு முன் பெகுவுக்கு வந்து உங்களைப் பார்க்கலாமா? தடத்தையும் சாணத்தையும் பார்த்து, யானை எப்போது போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள், அதைக் கற்றுக்கொள்ளவேண்டும்.

பெகு பெரியவர்:
சம்மதம் இல்லைதான். ஆனால் வா. சாணத்தின் நடுவில் விரலை விட்டுச் சூடு பார்க்கவேண்டும், அருவருப்புப் படாமல் இருந்தால் சொல்லித் தருகிறேன். ஜூன் என்றால் அட்டை நிறைய இருக்கும். முழங்கால் வரை துணி சுற்றி, புகையிலைத் தண்ணீரில் நனைத்துக்கொள். அப்பா கொண்டுவந்த கட்டை மணி ஒன்று வீட்டில் இருக்கிறது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம்.