ஓட்டு விளிம்பில் சார்த்திய நீட்டு ஏணியின் கால் நழுவுகிறது, உதவுங்கள்

கேள்வி (செங்கோட்டை)
ஓட்டு வீட்டின் பி.வி.சி. மழைநீர்ப் பாத்தியில் மாவிலை அடைத்து, சாரல் தண்ணீர் சுவரில் இறங்குகிறது. இறவாணம் (கூரையின் கீழ் விளிம்பு) 16 அடி உயரம். ஏணி அலுமினியம், 12 அடித் துண்டு இரண்டு. கீழே 6 அடி தள்ளி வைத்தால் பாதி ஏறியதும் சிமெண்டு முற்றத்தில் கால் வழுக்குகிறது. சாக்கு போட்டும் நிற்கவில்லை. நீட்டிய துண்டைத் தாங்கும் இடப்பக்க லாக் சில நேரம் சரியாக விழுவதில்லை.

பதில் 1 (புளியரை)
அண்ணாச்சி, 6 அடி அதிகம். 4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளி வைப்பதே கணக்கு. 16 அடிக்கு 4 அடி போதும். அதைச் சுவரிலிருந்து அளக்காதீர்கள். இறவாணம் வெளியே நீட்டியிருக்கும். ஏணி சாயும் இடத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தரையைத் தொடும் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். 4 அடியை 6 ஆக்கினால் காலை வெளியே தள்ளும் விசை ஒன்றரை மடங்காகிறது. நீங்கள் மேலே ஏற ஏற அது இன்னும் கூடும். பாதியில் நழுவுவதன் காரணம் அதுதான்.

சாக்கை எடுத்துவிடுங்கள். நனைந்த சாக்கு பாசியின் மேல் தானே வழுக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கம்பி பிரஷால் தேய்த்து, கழுவி, காயவிடுங்கள். ஏணிக்கால் ரப்பரைத் திருப்பிப் பாருங்கள்: வரிகள் தேய்ந்து வழவழப்பாகவோ, ஓரத்தில் அலுமினியம் எட்டிப் பார்த்தோ இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். கீழ்ப்படியைத் திண்ணைத் தூணோடு கயிற்றால் கட்டுங்கள். ஆள் பிடித்துக்கொள்வது அதற்கு ஈடாகாது.

இரு துண்டும் குறைந்தது 3 அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். ஆக 21 அடிதான் கிடைக்கும். சாய்வில் பதினாறரை அடி, விளிம்புக்கு மேல் 3 அடி, உங்களுக்குப் போதும். மேலே நீட்டிய பகுதி கைப்பிடிக்கு மட்டும். சாயும் இடத்துக்கு மேலுள்ள படியில் நின்றால் ஏணியின் கால் தூக்கிக்கொள்ளும்.

பதில் 2 (தென்காசி)
லாக் ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தால் ஏறவே கூடாது. எடையைத் தாங்குவது லாக்தான், ஏணியை நீட்டும் கயிறு அல்ல. ஏணியைத் தரையில் படுக்கவைத்து, லாக் ஸ்பிரிங்கில் சேர்ந்த மண்ணை மண்ணெண்ணெய் பிரஷால் துடைத்துக் காயவிடுங்கள். கிரீஸ் வேண்டாம், அது மண்ணைப் பிடிக்கும். அதன் பிறகும் விழவில்லையென்றால் பக்கச் சட்டம் வளைந்திருக்கும். தட்டி நிமிர்த்திய சட்டத்தை நம்ப முடியாது. அந்த ஏணியை ஒதுக்கிவிடுங்கள்.

பாத்தி ஏணியைத் தாங்காது, நசுங்கி ஏணி பக்கவாட்டில் ஓடும். கைமரம் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) வரும் இடம் பார்த்து, பாத்தியின் முன் உதட்டுக்கும் பின்பலகைக்கும் நடுவே கச்சிதமாக ஒரு மரத்துண்டு செருகி, அதன் மேல் சார்த்துங்கள். ஏறியதும் முதல் வேலை, இரு சட்டத்தையும் கைமரத்தில் கட்டுவது.

கேள்வி கேட்டவர்
நன்றி. கரண்ட் கம்பத்திலிருந்து வரும் ஒயர் பக்கத்துச் சுவரில்தான் இறங்குகிறது. மரத்துண்டு வைக்க அங்கேதான் வசதி.

பதில் 1 (புளியரை)
அங்கே வேண்டாம் அண்ணாச்சி. ஒயருக்கு எந்தப் பக்கமும் 10 அடிக்குள் அலுமினிய ஏணி வரக்கூடாது. தூக்கி நிறுத்தும்போது நுனி ஆடுவதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நனைந்த மூங்கில் ஏணியும் ஷாக் கடத்தும். அந்த மூலையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டுமென்றால், மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகுதான். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று ஒரே நொடியில் ஏணியைப் புரட்டும். காற்றில்லாத காலையில், ஓடு காய்ந்த பிறகு ஏறுங்கள். கைக்கு எட்டாததை எட்டிப் பிடிக்காமல், தொப்புள் இரு சட்டத்துக்குள் இருக்கும்படி நின்று, இறங்கி ஏணியை நகர்த்துங்கள்.