மாரிக் கடலும் ரின் இறைச்சியும்: உங்கள் அனுபவம் என்ன?

உப்புவெளியான்:
விடியவே உயிர் மீன் வாங்கலாம், உங்களுக்கு எதற்கு ரின் (தகரத்தில் அடைத்த) இறைச்சி என்று கொழும்பு நண்பர் ஒருவர் கேட்டார். மாரியில் வந்து பாரும் என்றேன். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் வள்ளம் இறங்காது. வரும் கொஞ்ச மீனும் ஆனை விலை. அப்போதுதான் அலுமாரியில் இருக்கும் கோர்ன் பீஃப், அதாவது உப்பிட்ட மாட்டிறைச்சி ரின், வெளியே வரும். தாச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் காணும், மிச்சத்துக்கு இறைச்சிக் கொழுப்பே உருகும். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதங்கியதும் இறைச்சியை உதிர்த்துப் போட்டு, அவித்த உருளைக்கிழங்கும் கொஞ்சம் தூளும் சேர்த்துப் பிரட்ட வேண்டும். உப்புப் போடவே கூடாது, ரின்னிலேயே தாராளமாக இருக்கிறது. அடியில் லேசாக முறுகும் வரை விடுங்கள், அந்த முறுகலுக்குத்தான் வீட்டில் சண்டை. இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி. சுடப் பாணோடு சாப்பிட்டால், சரி, மழை பெய்தபடி பெய்யட்டும்.

பாலையூற்றுப் பேத்தி:
எங்கள் வீட்டில் மாடு அடுப்படிக்குள் வராது. ஆனால் அப்பப்பா திருகோணமலைக் கடற்படை டொக்யாட்டில் வேலை செய்தவர், வெள்ளைக்கார நேவியிடம் பழகிய நாக்கு. அப்பம்மா கிணற்றடியில் மூன்று கல் வைத்து, தனிச் சட்டியில் சமைத்துக் கொடுப்பாவாம். முகம் மட்டும் மற்றப் பக்கம்! 1957இல் பிரிட்டிஷார் அந்தக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பப்பா கடைசிவரை கடையில் ரின் தேடினார். இப்போது எங்களுக்குக் கோழி லஞ்சன் மீற் ரின், அதுவும் அடுப்படியிலேயே.

கிண்ணியா மச்சான்:
நாங்கள் லேபிளில் ஹலால் பார்த்துத்தான் எடுப்போம். ஸ்பாம் என்ற ரின் பன்றி இறைச்சி, 1937இல் அமெரிக்காவின் ஹோர்மல் கொம்பனி கொண்டுவந்தது. கொரியாவில் வேலை செய்த கூட்டாளி சொன்ன கதை: அங்கே பெருநாளுக்கு ஸ்பாம் பெட்டியைப் பரிசாகவே கொடுப்பார்களாம். கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்க இராணுவ முகாம்களிலிருந்து வெளியே வந்த ரின்களை கிம்ச்சியோடு (கொரிய ஊறுகாய்க் கோவா) கொதிக்க வைத்த குழம்பு இன்றைக்கும் கடைகளில் ஓடுகிறது. பேத்தியின் அப்பப்பா கதைதான், ஊர் மட்டும் வேறு.

உப்புவெளியான்:
உண்மைதான் மச்சான். கோழி ரின் என்றால் தூள் கொஞ்சம் கூடப் போடுங்கள், அதற்குச் சுவை காணாது. சாவி வைத்த ரின்னைத் திறக்கும்போது விரல் கவனம். வீங்கின ரின்னை மட்டும் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகத் தந்தாலும்.