வாக்கியூம் கிளீனர் இழுக்குதில்லை, பத்து நிமிசத்தில நிக்குது: மோட்டர் போச்சோ?

பரந்தன் வீடு:
வணக்கம். 1400 வோற் வாக்கியூம் கிளீனர், பை இல்லாத வகை, தூசு விழுற கோப்பை உள்ளது. வாங்கி இரண்டு வருசம். வீடு கிறவல் றோட்டுக்கரை, சோளகம் தொடங்கினதில இருந்து ஒவ்வொரு நாளும் பாவிக்க வேண்டியிருக்கு. ஒரு மாதமா இழுவை குறைஞ்சு, மணல் கூட ஏறுதில்லை. ஆனா சத்தம் முந்தியைவிடக் கூட, கீச்செண்டு கேக்குது. பத்து நிமிசத்தில தானா நிண்டுபோகும், ஒரு மணித்தியாலம் விட்டா திரும்ப ஓடும். பின்பக்கத்தால வாற காத்து சுடுது, லேசாக் கருகல் மணமும் இருக்கு. கோப்பையை ஒவ்வொரு தரமும் தட்டிப்போட்டுத்தான் வைக்கிறம். திருத்துற கடையில மோட்டர் மாத்தவேணும் எண்டு சொல்லினம். மாத்தத்தான் வேணுமோ?

மாங்குளம் மின்வேலை:
இப்போதைக்கு மோட்டரைத் தொடாதேங்கோ. இழுவை குறைவு, சத்தம் கூட எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள், விடை அதுக்குள்ளயே கிடக்கு. மோட்டர் களைச்சால் சத்தம் இறங்கும், இல்லாட்டிக் கரகரக்கும். கீச்செண்டு ஏறுதெண்டால் காத்துக்கு வழியில்லை. தள்ளுறதுக்குக் காத்து இல்லாமல் போகேக்க விசிறிக்குச் சுமை குறையும், வேகம் கூடும். உங்கட வகை மெசினில அந்தக் காத்துத்தான் மோட்டரையும் ஆத்துறது. அது நிண்டால் சூடேறி, உள்ளுக்க இருக்கிற வெப்பக் கட்டவுட் கரன்டை வெட்டும், ஆறினாப் பிறகு திரும்ப விடும். அதை வயர் போட்டு நேரடியாக் குடுக்கலாம் எண்டு ஆரும் சொன்னால் கேக்கவே வேண்டாம், மோட்டர் எரியும்.

முதல்ல அடைப்பு எங்க எண்டு பிடியுங்கோ. பிளக்கைக் கழட்டி ஹோஸை எடுங்கோ. பிறகு ஹோஸ் இல்லாமல் ஓடவிட்டு, மெசினின்ர உறிஞ்சுற வாயில உள்ளங்கையை ஒருக்கா வையுங்கோ. கையைப் பிடிச்சு இழுத்தால் மெசின் நல்லம், அடைப்பு ஹோஸிலயோ குழாயிலயோ தரையில ஓடுற தலையிலயோ இருக்கு. அங்கயும் இழுவை இல்லாட்டி பில்ரர்.

ஹோஸுக்குள்ள ஒரு போளையை உருட்டிவிடுங்கோ, மற்றப் பக்கத்தால விழவேணும். விழாட்டி கம்பியால குத்தாதேங்கோ, ஹோஸ் கிழிஞ்சால் அந்த ஓட்டையால காத்து ஏறி இழுவை இன்னும் போகும். முனை மழுங்கின மெல்லிய வயரிங் குழாய் போதும். கைபிடி வளைவை முக்கியமாப் பாருங்கோ. ஒரு ஈர்க்குத் துண்டு குறுக்க நிண்டு, அதில தலைமயிர் சுத்தி, அதுக்குமேல செம்புழுதி படிஞ்சு தக்கை மாதிரி இறுகியிருக்கும். வெளியால பாத்தால் ஒண்டும் தெரியாது.

இனி பில்ரர். கோப்பையைத் தட்டினால் பில்ரர் துப்பரவாகாது. மோட்டருக்கு முன்னால ஒரு ஸ்பொஞ்ச் அல்லது துணிப் பில்ரர், காத்து வெளியேறுற பக்கம் மிச்ச மெல்லிய தூசைப் பிடிக்கிற ஹெபா பில்ரர், இரண்டையும் கழட்டுங்கோ. கிறவல் புழுதி மா மாதிரி மெல்லியது, ஸ்பொஞ்சின்ர கண்ணுக்குள்ள போய் அடைக்கும். வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ, ஒளி தெரியாட்டி அடைப்புத்தான். சோப்பும் சுடுதண்ணியும் வேண்டாம். பைப் தண்ணியில அமத்தி அமத்தி, தெளிஞ்ச தண்ணி வருமட்டும் கழுவுங்கோ, முறுக்கிப் பிழியாதேங்கோ. நிழலில 24 மணித்தியாலம் காயவேணும், மாரியெண்டால் இரண்டு நாள். ஈரத்தோட போட்டால் புழுதி சேறாகி உள்ளுக்கயே இறுகிப்போகும், ஈரம் மோட்டருக்கும் போகும். ஹெபாவில கழுவலாம் எண்டு போட்டிருந்தால் மட்டும் கழுவுங்கோ. கடதாசி வகையெண்டால் மெதுவாத் தட்டிப் பாத்து, வழிவராட்டிப் புதுசு போடுறதுதான். பில்ரர் இல்லாமல் ஒருநாளும் கூட்டாதேங்கோ.

முள்ளியவளை:
ஹோஸைச் சுவரில தொங்கவிட்டு வைக்கிற ஆக்கள் குளவிக் கூட்டையும் பாருங்கோ. வாய் திறந்திருந்தால் உள்ளுக்க மண்கூடு கட்டிப்போடும். ஒரு துணியை அடைச்சு வைக்கலாம். சீமெந்துத் தூசு, சுவர் தேய்ச்ச பட்டித் தூசு, அடுப்புச் சாம்பல் மூண்டையும் வீட்டு மெசினால இழுக்கவே கூடாது, ஒரே நாளில பில்ரர் முடியும்.

வவுனியா வைண்டிங்:
கரன்ட் பக்கத்தையும் விடாதேங்கோ. 1400 வோற் மெசின் 230 வோல்ற்றில 6 அம்பியர் இழுக்கும். பழைய 5 அம்பியர் வட்டக்கால் பிளக்கில அடப்டர் போட்டு ஓட்டினால் பிளக்தான் சுடும், கருகல் மணம் சிலவேளை அங்கயிருந்தும் வரும். 13 அம்பியர் பிளக்கில நேர குடுங்கோ. நீட்டுவயர் வேணுமெண்டால் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர், சுருளை முழுக்க விரிச்சு. பின்னேரத்தில வோல்ற் 190க்கு இறங்கிற இடமெண்டால் சக்தி மூண்டில இரண்டு பங்குதான் வரும், அதை மோட்டர் பழுதெண்டு நினைக்காதேங்கோ. 1 கேவீஏ ஜெனரேற்றரில ஓட்டவே வேண்டாம்.

பரந்தன் வீடு:
நன்றி அண்ணை. கைபிடி வளைவில சொன்ன மாதிரியே ஈர்க்கும் மயிரும். ஸ்பொஞ்ச் கழுவக் கழுவச் சிவப்புத் தண்ணிதான். காயவிட்டுப் போட்டாச்சு. நல்லா இழுக்குது, கீச்சுச் சத்தமும் இல்லை, அரை மணித்தியாலம் நிக்காமல் ஓடினது. ஆனா மணம் முழுக்கப் போகேல்லை. இருட்டில காத்து ஓட்டையால பாத்தால் உள்ளுக்க நெருப்புப் பொறி தெரியுது.

மாங்குளம் மின்வேலை:
சின்ன நீலப் பொறி வழமை. செம்மஞ்சளா வளையம் மாதிரிச் சுத்தினால் காபன் பிரஷ், அதாவது சுத்துற உருளையில உரசிக் கரன்ட் குடுக்கிற கரித்துண்டு, தேஞ்சுபோச்சு. மோட்டரின்ர இரண்டு பக்கத்திலயும் ஒவ்வொண்டு இருக்கும். பிளக்கைக் கழட்டிப்போட்டுத் திறந்து பாருங்கோ. பழைய நீளத்தில மூண்டில ஒண்டுக்குக் கீழ போயிருந்தால் இரண்டையும் சேத்து மாத்தவேணும், ஒண்டை மட்டும் மாத்தாதேங்கோ. பழசைக் கையோட கொண்டுபோய் அகலம், தடிப்பு இரண்டையும் அளந்து வாங்குங்கோ. தடிப்பெண்டால் கூட்டுக்குள்ள இறுகி நிக்கும், மெல்லிசெண்டால் ஆடிப் பொறி கூடும். பிரஷ் உரசுற செம்பு உருளை மண்ணிறமா மினுங்கினால் தொடாதேங்கோ. கறுத்திருந்தால் 600 நம்பர் கண்ணாடித் தாளால மெதுவாத் தேய்ச்சு, செம்புத் துண்டுகளுக்கு நடுவில இருக்கிற தூளைத் தட்டி எடுங்கோ. எமரித் தாள் வேண்டாம், அதின்ர தூள் இடுக்கில இருந்து கரன்ட் கடத்தும்.

திறந்த கையோட விசிறியை விரலால சுத்திப் பாருங்கோ. வழுக்கிக்கொண்டு சுத்தவேணும். கரகரத்தால் பெயாரிங், மூடியில இருக்கிற நம்பரைப் பாத்து அதையே வாங்குங்கோ. 608 எண்டிருந்தால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீற்றர். புதுப் பிரஷ் போட்டால் ஹோஸ் இல்லாமல் ஒரு பதினைஞ்சு நிமிசம் ஓடவிடுங்கோ, பிரஷின்ர முகம் உருளையின்ர வளைவுக்குத் தேஞ்சு படியும், பொறியும் குறையும்.