ஃப்ரீசர் பர்னுக்குத் தமிழ் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

தக்கலை, திங்கள் இரவு

தமிழ்ச் சொல் தேடும் நம் அஞ்சல் குழுவினருக்கு வணக்கம். எங்கள் பக்கத்து மகளிர் குழுக்களுக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுதுகிறேன். ஃப்ரிட்ஜில் எதை எந்தத் தட்டில் வைப்பது, மீனை ஃப்ரீசரில் எப்படிக் கட்டி வைப்பது, இவ்வளவுதான் விஷயம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குக் குளிர்பெட்டி, ஃப்ரீசருக்கு உறைபெட்டி என்று எழுதிவிட்டேன். மாட்டிக்கொண்டது இரண்டு. ஒன்று, காய்கறி டிராயரில் ஈரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு தள்ளுபொத்தான் இருக்கிறதே, அதற்கு ஒரு பெயர். இன்னொன்று ஃப்ரீசர் பர்ன். பல நாள் உறைய வைத்த நெய்மீன் துண்டில் சில இடம் வெளுத்து, காய்ந்து, தக்கை மாதிரி ஆகும். கெட்டது என்று அர்த்தமில்லை, ருசிதான் போய்விடும். ‘உறைபனி எரிவு’ என்று எழுதிப் பார்த்தேன். படித்த என் நாத்தனார், “ஃப்ரீசர் தீப்பிடிக்குமா மைனி?” என்று கேட்டாள். உதவுங்கள்.

சென்னை, திங்கள் இரவு

டீச்சர், எரிவு வேண்டவே வேண்டாம். ‘உறைகருகல்’ போடலாம். அதோடு, உறைபெட்டி என்றால் தபால் உறை வைக்கிற பெட்டி என்று நினைக்க மாட்டார்களா? உறைவிப்பான் என்று ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

நாகர்கோவில், செவ்வாய் அதிகாலை

உறைபெட்டி வினைத்தொகை. ஒற்று மிகாது. ‘உறைப்பெட்டி’ என்று எழுதினால்தான் தபால் உறை வரும். டீச்சர் எழுதியது சரி.

இந்த உறைதல் என்ற வினையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பால் உறைவதும், நீர் உறைவதும், ஒருவர் ஓரிடத்தில் உறைவதும் ஒரே வேர் என்பது என் துணிபு. ஓடுவது நின்று தங்கினால் உறைதல். விருந்தோம்பலில் வள்ளுவர் “அகனமர்ந்து செய்யாள் உறையும்” என்கிறார். நல்விருந்து ஓம்புவான் இல்லில் திருமகள் தங்குகிறாள். விருந்துக்கு வேண்டியதெல்லாம் இன்று ஃப்ரீசரில் தங்குகிறது. உறைபெட்டியை விடப் பொருத்தமான சொல் உண்டா?

கருகல் கூடாது. அங்கே வெப்பமே இல்லை. நடப்பது உலர்தல். அதற்குச் சங்கச் சொல் இருக்கிறது: முளிதல். முளிபுல், முளிமரம் என்றெல்லாம் வருகிறது. ‘பனிமுளி’ என்று போடுங்கள்.

குளச்சல், செவ்வாய் காலை

முளிபுல்லை நாங்க எங்க சார் கண்டோம்? குறுந்தொகையில “முளிதயிர் பிசைந்த” என்று ஒரு பாட்டு பத்தாம் வகுப்பில் படிச்ச ஞாபகம். அங்கே முற்றிய தயிர்னுதான் சொல்லித் தந்தாங்க. பனிமுளின்னா ஐஸ்ல வச்ச தயிரா?

நாகர்கோவில், செவ்வாய் முற்பகல்

நல்ல கேள்வி. தயிரில் நீர் வற்றி இறுகிய நிலைதான் அங்கே முளி. ஆகவே என் கட்சிக்கே அது சான்று.

மார்த்தாண்டம், செவ்வாய் மதியம்

நான் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன். போகிற வீட்டிலெல்லாம் ஃப்ரீசர்னுதான் சொல்றாங்க, அதை மாற்ற முடியாது. ஆனால் இது ஏன் வருதுன்னு தெரிஞ்சா பேர் வைக்கச் சுலபமா இருக்கும். மீன்மேல் இருக்கிற ஐஸ் தண்ணியா மாறாமலே நேரா ஆவியாகிப் போகுது. இப்போ வருகிற ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டியில் ஃபேன் காற்று ஓடிக்கிட்டே இருக்கும். கூலிங் காயிலில் பிடிச்ச பனியை உருக்க ஹீட்டர் இடைக்கிடை வேலை செய்யும். அதனால் அதில் கொஞ்சம் கூடுதல். சந்தையில் தந்த கவரிலேயே முடிச்சுப் போட்டுத் தூக்கி வச்சா உள்ளே பாதிக் காற்றுதான். காற்றை அமுக்கி வெளியே தள்ளி, பையைப் பரப்பித் தட்டையாக்கி, தேதி எழுதி வைக்கணும். ஃப்ரீசர் மைனஸ் 18, கீழே 4 டிகிரிக்குள். கதவுதான் சூடு கூடின இடம், பாலைக் கொண்டு அங்கேதான் வைப்பாங்க. பச்சை மீனை மேல்தட்டில் வச்சு, கீழே அவியலில் சொட்டவிட்ட வீடும் பார்த்திருக்கேன்.

குலசேகரம், செவ்வாய் மாலை

ரிப்பேர்காரத் தம்பி சொன்ன அந்த நேர்-ஆவிக்குப் பள்ளிப் பாடத்தில் பதங்கமாதல் என்று பெயர். அது எங்கள் சித்த வைத்தியத்தில் இருந்து போனது. முப்பத்திரண்டு அக மருந்துகளில் பதங்கமும் ஒன்று. சரக்கைச் சட்டியில் இட்டு எரித்தால் மேல்சட்டியில் ஒட்டுவது. ‘பதங்கவாட்டு’ என்று வைத்தால் அறிவியலும் வைத்தியமும் சேர்ந்துவிடும்.

கருங்கல், செவ்வாய் இரவு

பதங்கத்தை எங்க அம்மைக்கு யார் சொல்லிப் புரியவைக்க? எங்க வீட்டில் கருவாட்டை உணக்கமீன்னுதான் சொல்வோம். மீன் காய்ஞ்சா உணங்கிச்சு. ‘பனியுணக்கல்’ என்று போடுங்க டீச்சர், எல்லாருக்கும் விளங்கும்.

சென்னை, செவ்வாய் இரவு

மன்னிக்கவும், உணக்கல் மலையாளம். கையேட்டில் தமிழ் இருக்க வேண்டாமா?

கருங்கல், செவ்வாய் இரவு

1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தோம். தமிழுக்காகப் போராடித்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம். எங்க வாயில் வருவது மலையாளம்னு சொல்ல ஒவ்வொரு முறையும் ஒருத்தர் வந்துடுறார். குளிரைத் தணுப்புன்னு சொன்னாலும் இதே கதைதான். தண்ணீரில் இருக்கிற தண் எந்த ஊருக்காரன்?

நாகர்கோவில், புதன் அதிகாலை

கருங்கல் அம்மையார் சொல்வதே சரி. நற்றிணை 45-ஐப் பாருங்கள். “நிணச்சுறா அறுத்த உணக்கல்”. நெய்தல் நிலத்துப் பெண் சுறாத்துண்டைக் காயப்போட்டுப் பறவை ஓட்டுகிறாள். மலையாளம் தனித்து நடக்கத் தொடங்குவதற்கு முந்திய சொல். சென்னை நண்பர் திரும்பப் பெற வேண்டும்.

ஆயினும் பனிமுளியே என் முதல் விருப்பம்.

சென்னை, புதன் காலை

திரும்பப் பெற்றேன். ஆனால் சென்னையில் யாருக்கும் புரியாது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

குளச்சல், புதன் காலை

கையேடு சென்னைக்கு இல்லையே!

எனக்கு வேற சங்கடம். உணக்கல்னா எங்க கடற்கரையில் நல்ல வார்த்தை. சாளை மீனை உப்புப் போட்டு, மணலில் பரப்பி, கண்ணும் கருத்துமா உணக்குவோம். ஒக்கிப் புயலப்போ (2017 நவம்பர் 30) கரண்டு போய் எங்க தெருவில் ஃப்ரீசரெல்லாம் நாறிச்சு, உறியில் தொங்கின உணக்கமீன்தான் சோத்துக்கு ஆச்சு. அந்தப் பேரைக் கொண்டு போய் இந்தத் தக்கைக்கு வைக்காதீங்க.

மார்த்தாண்டம், புதன் மதியம்

அப்போ மூடின ஃப்ரீசரைத் திறந்து திறந்து பார்த்ததுதான் தப்பு. நிறைய வச்சு மூடியே இருந்தா ரெண்டு நாள்கூடத் தாங்கும். பாதிதான் இருந்தா ஒரு நாள்.

தக்கலை, புதன் இரவு

குளச்சல் அண்ணன் சொன்ன பிறகு உணக்கலை வைக்க மனம் வரவில்லை. குலசேகரம் ஆசான் போகிறபோக்கில் ‘பதங்கவாட்டு’ என்பதில் ‘வாட்டு’ என்றாரே, அதுதான் மனத்தில் நிற்கிறது. பொதிச்சோறு கட்ட வாழையிலையை அனலில் வாட்டுகிறோம். இலை ஈரமும் இழக்கும், சூடும் படும். பர்ன் என்று இங்கிலீஷ்காரன் சொன்னதும், காய்தல் என்று நாம் சொல்வதும் இந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகிறது. ‘பனிவாட்டம்’?

மார்த்தாண்டம், புதன் இரவு

டீச்சர், வாட்டம்னா எங்க தொழிலில் தண்ணி ஓடுகிற சரிவு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி வாட்டம் பார்த்துத்தான் குழாய் விடுவோம். ‘பனிவாட்டு’ன்னு நிறுத்திக்கலாம்.

குலசேகரம், வியாழன் காலை

பதங்கத்தை வெட்டிவிட்டுப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். இருக்கட்டும்.

நாகர்கோவில், வியாழன் காலை

பெரும்பாணாற்றுப்படையில் “வாடூன் புழுக்கல்” வருகிறது. வாடிய ஊன். பனிவாட்டுக்கு இலக்கியத் துணை உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வாடூனும் விரும்பிச் செய்த உணவுதான். குளச்சல் நண்பரின் மறுப்பு இதற்கும் பொருந்தும். பனிமுளிக்கு மட்டுமே அந்தக் குற்றம் இல்லை. நாலு பேர் புழங்கினால் நாளை பழகிவிடும்.

தக்கலை, வெள்ளி காலை

எண்ணிப் பார்த்தேன். பனிவாட்டுக்கு நான்கு பேர், அதில் சென்னை நண்பர் “களைப்பின் காரணமாக” என்று தனி அஞ்சலில் சொன்னதும் அடக்கம். பனிமுளிக்கு ஒருவர். பதங்கவாட்டுக்கு ஒருவர். கருங்கல் அக்கா வாக்களிக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். முதல் இடத்தில் ‘பனிவாட்டு, அதாவது மீன் வெளுத்துக் காய்ந்த இடம்’ என்று விரித்து எழுதி, அடுத்த இடங்களில் வெறும் பனிவாட்டு என்று விட்டேன். பத்து மணிக்குக் கோப்பு போய்விட்டது.

குளச்சல், வெள்ளி மாலை

டீச்சர், அந்தத் தள்ளுபொத்தான் என்ன ஆச்சு? யாரும் தொடவே இல்லையே.

தக்கலை, வெள்ளி இரவு

பெயர் வைக்கவில்லை. கீரை படம் போட்டுப் பக்கத்தில் ‘மூடு’, ஆப்பிள் படம் போட்டு ‘திற’. பழத்திலிருந்து பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு வரும், அது வெளியே போக வழி வேண்டும் என்று ஒரு வரி. மட்டி வாழைப்பழத்தைப் படத்தில் சேர்க்கவே இல்லை. உள்ளே வைத்தால் தோல் கறுத்துவிடும், அது வெளியே தொங்கட்டும்.

நாகர்கோவில், சனி அதிகாலை

எத்திலீனுக்கு ஒரு சொல் யோசித்து வைத்திருக்கிறேன்.